பழைய மோட்டார் வண்டிகளில் விளக்கு மினுக்கம்: ஒரு காரண விசாரணை

நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் உற்பத்தியாகி, இன்றும் அபிமானிகளின் கவனத்தால் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலான வண்டிகளை வைத்திருப்போர் ஒருவரையொருவர் சந்திக்கும்போதெல்லாம், எஞ்சின் சம்பந்தமான குறைகளுக்கு அடுத்தபடியாகப் பேச்சில் வந்து நிற்பது, இரவில் விளக்குகள் ஒரு நிலையில் நின்று எரியவில்லை என்ற முறையீடேயாகும். சிலருக்கு விளக்கு விட்டு விட்டு எரிகிறது, சிலருக்குத் துடிக்கிறது, சிலருக்கு வண்டி சிக்னலில் நிற்கும்போது மங்கி, புறப்பட்டதும் பளிச்சென்று ஏறுகிறது. இவை யாவும் ஒரே குறையின் வெவ்வேறு தோற்றங்கள் என்று எண்ணி, பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக டைனமோவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. டைனமோ சரியென்று தெரிந்தால் கட்-அவுட். அதுவும் சரியென்றால் பேட்டரி. அதற்கும் மேலே போனால் வயரிங் முழுவதும் புதிது. இப்படிப் பணம் செலவழிந்த பிறகும், அடுத்த மழைக்காலத்தில் அதே மினுக்கம் திரும்பி வந்து நிற்பதைப் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். எந்தப் பாகத்தை மாற்றுவது என்ற கேள்விக்கு முன்னால், எந்த விளக்கு, எந்த நேரத்தில், வேறு எதனோடு சேர்ந்து மினுக்குகிறது என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதும், அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தால் குறையின் இருப்பிடம் பெரும்பாலும் ஸ்பானரைத் தொடுமுன்பே தெரிந்துவிடும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இவ்விஷயத்தை ஆராயப் புகுமுன், அக்காலத்து வண்டிகளின் மின்சார அமைப்பைச் சிறிது நினைவில் கொள்ளுதல் அவசியம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாஸடரும், கவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் 1961 முதல் செய்யப்பட்ட ஹெரால்டும், மின்சார விஷயத்தில் இங்கிலாந்தின் லூக்காஸ் கம்பெனியின் சம்பிரதாயத்தைப் பின்பற்றியவை. அதே லூக்காஸ் கம்பெனியும் டி.வி.எஸ். நிறுவனமும் சேர்ந்து 1961-இல் சென்னையில் லூக்காஸ்-டி.வி.எஸ். என்ற கம்பெனியைத் தொடங்கியதும் இங்கே குறிப்பிடத்தக்கது. இச்சம்பிரதாயத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு வயர்தான் போகும். திரும்பும் பாதை வண்டியின் உடம்பு. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் சுவிட்சு வழியாக வந்து, பல்பின் இழையைச் சுடச்செய்து, பிறகு விளக்குக்கூட்டின் தகரம், அதைப் பிடித்திருக்கும் திருகு, மட்கார்டு, பாடி, பேட்டரியின் எர்த் பட்டை என்று பல இரும்புச் சந்திப்புகளைக் கடந்தே வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. போகும் பாதையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். திரும்பும் பாதையை வயராகவே நாம் எண்ணுவதில்லை. வண்டி புதிதாக இருந்தபோது குறைவற்று உழைத்த அந்த இரும்புச் சந்திப்புகள், அரை நூற்றாண்டுத் துருவுக்கும் கடற்காற்றின் உப்புக்கும் ஆளான பிறகு என்ன நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கின் பிரகாசம் வோல்டேஜைப் பொறுத்து எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதையும் அறிந்துகொண்டால்தான் இச்சிறு குறைகளின் பெருமை விளங்கும். டங்ஸ்டன் இழையின் ஒளி, வோல்டேஜோடு நேர் விகிதத்தில் மாறுவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4-ஆம் மடிப்பெருக்கத்தில் மாறுகிறது. ஆகவே 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 0.6 வோல்ட் குறைந்தால், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், ஒளியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு போய்விடுகிறது, 1.2 வோல்ட் குறைந்தால் முப்பது பங்கு போய்விடுகிறது. எங்கோ ஒரு மூலையில் வருவதும் போவதுமாக இருக்கும் அரை வோல்ட் வித்தியாசத்தை மனிதக் கண் உடனே கண்டுபிடித்துவிடுவது இதனால்தான். மோட்டார் விளக்கைப்போல் கூர்மையான வோல்ட் மீட்டர் வண்டியில் வேறொன்றில்லை; அது காட்டுவதைப் படிக்க நமக்குப் பொறுமைதான் வேண்டும்.

முதலில் குறையென்றே எண்ணத்தகாத ஒரு மினுக்கத்தைப் பிரித்து வைத்துவிடுவோம். டைனமோ பூட்டிய வண்டியில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஆவதில்லை. அந்த வேகத்தில் டைனமோ உண்டாக்கும் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜைவிடக் குறைவு. விளக்குகள் அப்போது பேட்டரியிலிருந்து மட்டும் எரிகின்றன. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டைனமோ மேலெழுந்து பாரத்தை ஏற்றுக்கொள்ள, வோல்டேஜ் 12 சில்லறையிலிருந்து 14-ஐ நோக்கி ஏறுகிறது, விளக்கும் பிரகாசிக்கிறது. இது டைனமோவின் சுபாவம். இன்றைய ஆல்டர்னேட்டர் வண்டியை ஓட்டிப் பழகியவர் பழைய வண்டியை வாங்கியதும் இதைக் கண்டு திகைத்து, நல்ல டைனமோவை ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடுவது பரிதாபமான காரியம். எல்லா விளக்குகளும் ஒன்றாக, எஞ்சின் வேகத்தோடு இசைந்து, மெதுவாக மங்கி மெதுவாக ஏறுமானால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

ஆனால் அதே மந்த வேகத்தில் விளக்குகள் விநாடிக்கு ஓரிரு முறை வெட்டி வெட்டித் துடித்து, டாஷ்போர்டிலுள்ள சிவப்பு இக்னிஷன் விளக்கும் அதே தாளத்தில் மினுக்குமானால், விஷயம் வேறு. அங்கே விசாரிக்கப்பட வேண்டியது ரெகுலேட்டர் பெட்டியிலுள்ள கட்-அவுட். அக்காலத்தில் மிகப் பரவலாக வழங்கிய லூக்காஸ் ஆர்.பி.106 பெட்டியைத் திறந்தால், இரண்டு காயில்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஒன்று டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். மற்றொன்று டைனமோவைப் பேட்டரியோடு சேர்ப்பதும் பிரிப்பதுமான கட்-அவுட். டைனமோவின் வோல்டேஜ் 12.7 முதல் 13.3-க்குள் வரும்போது கட்-அவுட் மூடிக்கொள்ள வேண்டும், 8.5 முதல் 11-க்குள் இறங்கும்போது திறந்துகொள்ள வேண்டும். மூடும் அளவுக்கும் திறக்கும் அளவுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி வைத்திருப்பதன் நோக்கமே, எல்லைக்கோட்டில் நிற்கும்போது அது திறந்து மூடித் தவிக்கக்கூடாது என்பதுதான். ஸ்பிரிங் வளைந்தோ, முன்பு யாரோ திருகாணியைத் திருப்பியோ அந்த இடைவெளி குறுகிவிட்டால், மந்த வேகத்தில் கட்-அவுட் படபடக்க ஆரம்பிக்கிறது. இரவில், நிறுத்திவைத்த வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டு, பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, எஞ்சின் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினால், கான்டாக்டு முனைகளில் நீலப்பொறி தெறிப்பதும், அதே க்ஷணத்தில் எதிர்ச்சுவரில் விழும் வெளிச்சம் துள்ளுவதும் ஒருங்கே தெரியும். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

ரெகுலேட்டரின் கான்டாக்டுகளோ வேலை செய்யும்போது எப்போதும் துடித்துக்கொண்டே இருப்பவை. டைனமோவின் ஃபீல்டுக்குப் போகும் மின்சாரத்தை விநாடிக்குப் பல பத்து முறை குறைத்தும் கூட்டியுமே அது வோல்டேஜை நிலைநிறுத்துகிறது. அத்துடிப்பு கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் நடப்பதாலும், இழை சூட்டைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருப்பதாலும், விளக்கு அசையாமல் எரிவதாக நமக்குத் தோன்றுகிறது. கான்டாக்டு கருகிப் பள்ளம் விழுந்தால் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. வண்டி நடுத்தர வேகத்தில் சீராகப் போகும்போதே எல்லா விளக்குகளும் லேசாக நடுங்க ஆரம்பிக்கின்றன. கான்டாக்டுகளைச் சுத்தம் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெகுலேட்டரின் கான்டாக்டுகளை மெல்லிய கார்போரண்டம் கல்லால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கட்-அவுட்டின் கான்டாக்டுகளை மெல்லிய கண்ணாடித்தூள் காகிதத்தால் மட்டுமே தொட வேண்டும். இரண்டுக்கும் ஒரே உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கும் தவறு. சில மாதங்களில் மினுக்கம் திரும்புவதற்கு அதுவே போதிய காரணம்.

டைனமோவின் பேரிலேயே சந்தேகம் விழுந்தாலும், அதைக் கழற்றாமலே பரீட்சிக்கும் எளிய முறையொன்றை லூக்காஸ் கம்பெனியே தன் பட்டறைக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீண்ட பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்வாங்கினால் சரி. பிறகு டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, அவ்விரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடம்புக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்து, எஞ்சின் வேகத்தை மெல்ல ஏற்ற வேண்டும். முள் தயங்காமல், ஆடாமல், சீராக மேலேற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. முள் ஆடிக்கொண்டே ஏறினால் கார்பன் தேய்ந்துவிட்டது, அல்லது கம்யூடேட்டர் அழுக்கேறி மைக்கா தாமிரத்தின் மட்டத்துக்கு எழும்பிவிட்டது என்று அறியலாம். முள் அசையவே இல்லையென்றால் கார்பனும் அதன் ஸ்பிரிங்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயில். நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். ஐந்து நிமிஷத்தில் முடியும் இப்பரீட்சையைச் செய்யாமல் டைனமோவைக் கழற்றுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

விளக்குகள் வேகத்தோடு அளவுக்கு மீறிப் பிரகாசித்து, பல்புகளும் அடிக்கடி சுட்டுப்போகுமானால், பலர் பல்பின் தரத்தைக் குறை சொல்கிறார்கள். ரெகுலேட்டர் பெட்டியில் ஈ என்ற எழுத்திட்ட எர்த் முனையை அவர்கள் பார்ப்பதில்லை. ரெகுலேட்டரின் காயில் வோல்டேஜை உணர்வது அந்த முனையின் வழியாகத்தான். அது தளர்ந்தால் ரெகுலேட்டர் உணர்வற்றுப்போக, டைனமோவைத் தடுப்பார் யாருமில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த முனை தொட்டும் விட்டும் நிற்க, விளக்குகள் மங்குவதற்குப் பதிலாக மேல்நோக்கித் துள்ளுகின்றன. மங்கும் மினுக்கம், பொங்கும் மினுக்கம் என்று இரண்டு வகை உண்டென்பதையும், பின்னதே பல்புக்கும் பேட்டரிக்கும் பெருங்கேடு விளைவிப்பதென்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் வண்டியில் தொடங்கிவைத்த ஆல்டர்னேட்டர், மந்த வேகத்திலும் சார்ஜ் கொடுப்பதால் மேற்சொன்ன மங்கலை நீக்கிற்று. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டிய வண்டிகளில் விளக்கு இடைவிடாமல் நுண்ணியதாக நடுங்கினால், உள்ளே ஒரு டயோடு போயிருக்கலாம். எஞ்சின் ஓடுகையில் மீட்டரை ஏ.சி. அளவுக்குத் திருப்பிப் பேட்டரியின் முனைகளில் வைத்துப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது சந்தேகத்துக்குரியது. இதற்குமேல் அதைப்பற்றி இங்கே சொல்ல அவசியமில்லை.

இதுவரை சொன்னவை எல்லா விளக்குகளும் சேர்ந்து மினுக்கும் வகை. அனுபவத்தில் அதிகமாக எதிர்ப்படுவதும், அதிகமாகத் தவறாக வைத்தியம் செய்யப்படுவதும், ஒரு விளக்கோ ஒரு ஜோடி விளக்குகளோ மட்டும், பெரும்பாலும் பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது மினுக்கும் வகையாகும். இங்கே டைனமோவுக்கும் ரெகுலேட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. அவை கெட்டால் எல்லா விளக்குகளும் அல்லவா துன்பப்பட வேண்டும்! ஹெட்லைட் இரண்டும் மினுக்கி, பின்விளக்குகள் நின்று எரிந்தால், குறை ஹெட்லைட் சுவிட்சிலோ, இடது காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சிலோ, அவற்றுக்கு இடைப்பட்ட நீல வயரிலோ இருக்க வேண்டும். லூக்காஸ் சம்பிரதாயத்தில் ஹெட்லைட்டின் வயர் நீலம், பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, சைடு விளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு என்ற நிறமுறை இருப்பதால், பின்னால் வந்தவர்கள் கண்ட வயரையும் செருகி வைக்காத வண்டியில், பாதையைத் தொடர்ந்து போவது கடினமன்று. பிரைட்டில் நின்று எரிந்து டிம்மில் மட்டும் மினுக்கினால் டிப்பர் சுவிட்சைத் தவிர வேறெதையும் முதலில் சந்தேகிக்க வேண்டாம். தரையில் பதித்த அந்தச் சுவிட்சு, செருப்பின் மண்ணையும் மழைத்தண்ணீரையும் ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொண்டு உழைத்திருக்கிறது.

அக்காலத்து வண்டிகளில் வயரோடு வயரைச் சேர்க்கும் இடங்களில், முனையில் குண்டுபோன்ற பித்தளைத் தலையை வைத்து, ரப்பர் உறையிட்ட உலோகக் குழலுக்குள் இரண்டு பக்கமிருந்தும் அமுக்கிச் செருகியிருப்பார்கள். ரேடியேட்டருக்கு முன்னால், மழையும் தூசியும் நேரே அடிக்கும் இடத்தில், இத்தகைய குழல்கள் கொத்தாகக் கிடக்கும். வெளிப்பார்வைக்கு ரப்பர் கறுப்பாக, முழுசாக இருக்கும். பிடித்து இழுத்துப் பிரித்தால், பித்தளைத் தலையின்மேல் பாசிபோல் பச்சைத்தூள் படிந்திருப்பதும், குழலின் உள்வாய் வெடித்து அகன்றிருப்பதும், சில சமயம் ரப்பர் சூட்டில் இளகிக் கையில் ஒட்டுவதும் தெரியவரும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? 60 வாட் பல்பு இரண்டு எரியும்போது அவ்வழியே ஏறக்குறைய 10 ஆம்பியர் ஓடுகிறது. பச்சை படிந்த சந்திப்பின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே 1 வோல்ட் நஷ்டமாகி, 10 வாட் சூடு அந்தச் சிறு குழலுக்குள்ளேயே பிறக்கிறது. சூட்டால் உலோகம் விரிந்து பிடி தளர, தடை மேலும் ஏற, சூடும் ஏறுகிறது. சிறிது தூரம் நன்றாக எரிந்த விளக்கு அரைமணி நேரப் பிரயாணத்துக்குப் பின் மினுக்க ஆரம்பிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பல பிரிட்டிஷ் வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், இதை அசட்டை செய்வது வெளிச்சக் குறைவோடு நிற்கிற காரியமன்று என்பது புலப்படும்.

ஹெரால்டு வண்டியில் இதற்கு ஒரு விசேஷ காரணமும் உண்டு. அதன் முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பவை. ஹெட்லைட்டுகள் அந்தச் சாயும் பகுதியிலேயே பொருந்தியிருக்கின்றன. எஞ்சினைப் பார்க்கத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் விளக்கின் வயர்கள் மடங்கி நிமிர வேண்டும். உறை முழுசாக இருக்க, உள்ளே தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் நாலைந்து இழைகளே பாரத்தைச் சுமக்கும் நிலை வருகிறது. விளக்கை எரியவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, மடங்கும் இடத்தில் வயரை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும்.

திரும்பும் பாதையின் கோளாறுகளோ, தம்மை மறைத்துக்கொண்டு வேறொன்றின்மேல் பழியைப் போடும் சுபாவமுடையவை. பின்விளக்கில் 21 வாட்டும் 5 வாட்டுமாக இரண்டு இழைகள் ஒரே பல்புக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் கெட்டுவிட்டால், பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழையிலிருந்து திரும்ப வழியில்லாத மின்சாரம், பக்கத்திலுள்ள 5 வாட் இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து, சிவப்பு வயர் வழியே மற்ற விளக்குகளுக்குப் போய், அங்கே எர்த் தேடுகிறது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் அதே தாளத்தில் சைடு விளக்கு மினுக்குவதும் இதனால் விளைபவை. இத்தகைய குழப்பத்தைக் கண்டு வயரிங் எல்லாம் ஷார்ட் என்று தீர்மானித்து, வண்டியையே பிரித்துப்போட்டவர்கள் உண்டு. ஒரு விளக்கின் வேலை மற்றொரு விளக்கின் வேலையில் தலையிடுமானால் அங்கே எர்த் இல்லை என்பதே இலக்கணம். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையேயுள்ள பட்டை அறுந்துபோனால், ஸ்டார்ட்டரின் பெருமின்சாரம் சோக் கேபிள் வழியே திரும்ப முயன்று, கேபிள் தொட முடியாதபடி சுடுவதும் இதே வகையைச் சேர்ந்தது.

இங்கே அபிமானிகளுக்கு ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது, பாடியைத் தகரம் தெரிய உரித்து, பிரைமர் அடித்து, பல பூச்சு பெயிண்ட் ஏற்றி, விளக்குக்கூடுகளையும் பளபளப்பாக்கிப் பூட்டுகிறார்கள். அந்த அழகான பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. விளக்குக்கூடு, திருகு, ரெகுலேட்டர் பெட்டி, எர்த் பட்டை ஆகியவை அமரும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி உலோகத்தைத் தெரியவிட்டு, பூட்டிய பின் வாஸலீனோ கிரீஸோ தடவி ஈரத்தைத் தடுக்காவிட்டால், பெரும்பொருள் செலவழித்துப் புதுப்பித்த வண்டியே, துருப்பிடித்து நின்ற காலத்தைவிட அதிகமாக மினுக்கும்.

பிற தேசத்து வண்டிகளை வைத்திருப்போருக்கும் இரண்டு வார்த்தை. பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றின் ஹெட்லைட் சுவிட்சுக்குள், சூட்டால் திறந்து ஆறியதும் தானே மூடிக்கொள்ளும் ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கிறது. ஃபியூஸ் போய்த் திடீரென்று இருளில் மூழ்குவதைவிட, விட்டு விட்டாவது எரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் வைக்கப்பட்டது அது. ஹெட்லைட்டுகள் முழுவதும் அணைந்து, சில விநாடி கழித்து முழுவதும் எரிந்து, இப்படியே மாறி மாறி நடந்தால், எங்கோ வயர் உரசுகிறது, அல்லது அச்சுவிட்சின் சக்திக்கு மீறிய வாட்டுள்ள பல்பு போடப்பட்டிருக்கிறது என்று பொருள். 1960களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டில் ஓடிய வோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றில் சந்திப்புகளின் சுத்தம் இன்னும் நூறு மடங்கு கவனத்துக்குரியது. அதே வாட்டுக்கு இரட்டிப்பு ஆம்பியர் ஓடுவதால், 12 வோல்ட் வண்டியில் நூற்றுக்கு ஆறு பங்கு வோல்டேஜைத் தின்னும் ஒரு கெட்ட சந்திப்பு, 6 வோல்ட் வண்டியில் ஏறக்குறைய இருபத்தைந்து பங்கைத் தின்றுவிடுகிறது.

இனி, இவ்வளவையும் அளந்து அறியும் முறை. நம் பட்டறைகளில் வழங்கும் டெஸ்ட் லாம்ப், மின்சாரம் வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லும். போதிய அளவு வந்திருக்கிறதா என்ற கேள்விக்குச் சொல்லாது. மீட்டரிலும் ஒரு மோசம் இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் 12 வோல்ட்டைப் பூரணமாகக் காட்டிவிடும். ஏனெனில் ஆம்பியர் ஓடாத இடத்தில் தடையால் நஷ்டமும் உண்டாவதில்லை. ஆகவே பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் உயிருள்ள முனைக்கும், மற்றொன்றை விளக்கின் உள்வயருக்கும் வைத்தால், போகும் பாதையில் எவ்வளவு வோல்ட் காணாமற்போகிறது என்பது நேரே தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி அடையலாம். பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனைக்கும், மற்றொன்றை விளக்கின் எர்த்துக்கும் வைக்க வேண்டும், இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் பாதை கெட்டிருக்கிறது. எங்கே கெட்டதென்று அறிய, ஒவ்வொரு சந்திப்பாக மீட்டரின் முனையைப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தைத் தாண்டியதும் அளவு திடீரென்று விழுகிறதோ அதுவே குற்றவாளி. இவ்வேலைக்கிடையில் யாராவது ஒருவர் மட்கார்டைக் கையால் தட்டிக்கொண்டிருந்தால், ஓடும்போது மட்டும் தலைகாட்டும் குறைகளும் அகப்பட்டுவிடும். வண்டி பாஸிட்டிவ் எர்த் உள்ளதா, அதாவது பேட்டரியின் பாஸிட்டிவ் முனையே வண்டியின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். 1960களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட பிரிட்டிஷ் வண்டிகள் பல அப்படிப்பட்டவை.

பரிகாரங்களில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது பற்றி அபிமானிகளிடையே பெரிய தர்க்கம் நடந்துவருகிறது. ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்; பழைய சுவிட்சு ரிலேயை இயக்கும் சொற்ப மின்சாரத்தை மட்டும் சுமக்க, கனத்த வயர் ஒன்று ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்குப் போவதால், வோல்டேஜ் நஷ்டமும் குறைகிறது, கிடைக்காத பழைய சுவிட்சுக்கும் ஆயுள் நீடிக்கிறது. வண்டியின் தோற்றமும் கெடுவதில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு கறுப்பு வயரைப் பாடியின் சுத்தமான போல்ட்டுக்கு இழுத்துவிடுவது, இருப்பதிலேயே குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவது. எல்.இ.டி. பல்புகளைப் போட்டால் மினுக்கம் தீரும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரமில்லை. இழைப் பல்பு சூட்டைப் பிடித்து வைத்துச் சிறு நடுக்கங்களை மறைக்கிறது, எல்.இ.டி.க்கு அந்தத் தன்மை கிடையாது. ரெகுலேட்டரின் குறை அதில் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பாஸிட்டிவ் எர்த் வண்டியில் சாதாரண எல்.இ.டி. எரியவே எரியாமலும் போகலாம்.

மொத்தத்தில் என் தீர்ப்பு இதுதான்: டைனமோவும் ரெகுலேட்டரும் குற்றவாளிகளாக இருக்கக்கூடும், ஆனால் அவை குற்றவாளிகளாக இருந்தால் வண்டியின் எல்லா விளக்குகளும் சாட்சி சொல்லும். அப்படிச் சொல்லாதபோது, சந்திப்புகளையும் எர்த்தையும் பார்த்து முடிக்கும்வரை அவற்றின்மேல் கைவைப்பது அநியாயம். அக்காலத்து அசல் பாகங்கள் இனி உற்பத்தியாகப் போவதில்லை. ஒரு நல்ல ரெகுலேட்டரைத் தவறாகத் திருகிக் கெடுத்தால் அதற்கு ஈடு கிடைப்பதரிது. ஆகையால் வண்டி வைத்திருக்கும் அன்பர்களையும், அவற்றுக்கு வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் போகும் பாதையையும் திரும்பும் பாதையையும் மீட்டர் வைத்து அளந்து, அந்த இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எதைக் கழற்ற வேண்டுமோ அதைக் கழற்றுங்கள்.